நாய் தின்போர் என்னும் பெயர்



அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில், சித்தேரி மலையில் நின்று நாய்க்கறியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது ஏற்பாட்டுத் தோழர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. இந்த மலையில் நாயைத் தின்னும் வழக்கம் கிடையாது. இங்கே நாய் சாமைக் கொல்லைக்குக் காவல், இரவில் காட்டுப்பன்றி வந்தால் முதலில் குரல் கொடுக்கும் துணை. தமிழ்நாட்டின் எந்தச் சேரியிலும் அது உணவு வழக்கமாக இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும்? தின்னாதவர்களின் மீதும் அந்தப் பெயர் விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான். ‘நாய் தின்பவன்’ என்பது ஓர் உணவைக் குறித்த செய்தி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஒரு சமூகத்தை எங்கே நிறுத்துவது என்பதைக் குறித்த செய்தி என்பதே எங்கள் வாதம்.

நமக்குப் பக்கத்தில் நடந்ததிலிருந்து தொடங்குவோம். 2018 நவம்பர் 17 அன்று சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து மன்னார்குடி விரைவு ரயிலில் வந்த பெட்டிகளை ரயில்வே பாதுகாப்புப் படையினர் கைப்பற்றினர். மீன் என்று பதிவாகி வந்த பெட்டிகள். உள்ளே தோலுரித்த கறி, சுமார் 2,000 கிலோ. வால் நீளமாக இருந்தது. ஆட்டுக்கு இவ்வளவு நீள வால் ஏது என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், அது நாய்க்கறி ஆகிவிட்டது. தொலைக்காட்சியின் கீழே ஓடும் எழுத்துகளில் ஆனது, வாட்ஸ்அப்பில் ஆனது, டீக்கடையில் ஆனது. பிரியாணிக் கடைகளில் கூட்டம் விழுந்தது. அதிலும் எந்தக் கடைகளில் என்பதைக் கவனிக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் மேசை போட்ட கடையைச் சந்தேகம் அதிகம் தொடவில்லை. தள்ளுவண்டிக்காரரும், தெருமுனையில் அண்டா வைத்து விற்கும் இஸ்லாமியக் கடைக்காரரும்தான் தங்கள் கறியைப் பற்றிச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாதிரிகள் போயின. சில நாட்களில் முடிவு வந்தது: ஆட்டுக்கறி. ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளுக்கு நம் ஆடுகளைவிட வால் நீளம் என்று கறி வணிகர்கள் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. இரண்டு நாட்கள் ரயிலில் வரும் கறி எந்தக் குளிரில் வருகிறது, யார் உரிமம் கொடுத்தது, ஏன் மீன் என்று பதிவு செய்தார்கள், யார் பரிசோதிக்கிறார்கள்? உணவுப் பாதுகாப்பு பற்றிய அந்த உண்மையான கேள்விகள் எல்லாம் வாலைப் பார்த்ததும் காணாமல் போயின.

ஆறு வருடம் கழித்து, 2024 ஜூலையில், பெங்களூரு ரயில் நிலையத்தில் இதே நாடகம் மறுபடி அரங்கேறியது. ராஜஸ்தானிலிருந்து வந்த கறிப் பெட்டிகள், நாய்க்கறி என்ற கூச்சல், வாலைக் காட்டும் படங்கள், கடைசியில் ஆய்வுக்கூடத்தின் பதில். அங்கேயும் ஆட்டுக்கறிதான். இரண்டு ஊரிலும் பொய் ஒரு மணி நேரத்தில் பரவியது, உண்மை பல நாள் கழித்து உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது.

இந்தப் பயம் இவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்வதற்கு ஒரு பழைய விறகு உண்டு. அந்த விறகு எங்கே வெட்டப்பட்டது என்று பார்ப்போம்.

வடமொழி நூல்களில் ‘சுவபாகன்’ அல்லது ‘சுவபசன்’ என்று ஒரு சொல் வருகிறது. நாயைச் சமைப்பவன் என்று பொருள். மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சண்டாளரையும் சுவபாகரையும் சேர்த்து விதி எழுதுகிறது. ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். நாயும் கழுதையுமே அவர்களுடைய சொத்து. பிணத்தின் துணியே உடை, உடைந்த பாத்திரத்திலேயே உணவு. கவனியுங்கள், இது ஒருவர் என்ன தின்றார் என்று பார்த்து எழுதிய குறிப்பு அல்ல. எங்கே இருக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம், எதை உடுத்தலாம் என்ற கட்டளை. அந்தக் கட்டளைக்குப் பெயராக நாய்ச்சமையல் ஒட்டப்பட்டிருக்கிறது. பகவத் கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஞானி எல்லோரையும் சமமாகப் பார்ப்பான் என்று ஒரு பட்டியல் வருகிறது. அந்தணன், பசு, யானை, நாய், கடைசியில் சுவபாகன். சமத்துவம் பேசும் இடத்திலும் நாய்க்குப் பின்னால்தான் அந்த மனிதன் நிற்கிறான். இதைச் சமத்துவத்துக்குச் சான்றாக மேடைகளில் சொல்பவர்கள் வரிசையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆனால் அதே நூல்களுக்குள் இன்னொரு கதை இருக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வருகிறது. விசுவாமித்திரர் பசியால் சுருண்டு, ஒரு சண்டாளக் குடியிருப்புக்குள் வந்து விழுகிறார். இரவில் ஒரு வீட்டில் தொங்கும் நாய்த்தொடையைத் திருடப் போகிறார். வீட்டுக்காரர் விழித்துக்கொள்கிறார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கண்ணீரோடு தடுக்கிறார். இது உங்களுக்கு ஆகாத உணவு, இதனால் உங்கள் அறம் கெடும், வேண்டாம் என்று வாதாடுகிறார். முனிவரோ உயிர் இருந்தால்தான் அறம், முதலில் பிழைக்கிறேன் என்று பதில் சொல்லி எடுத்துச் செல்கிறார். பிறகு மழை பெய்கிறது, முனிவர் முனிவராகவே இருக்கிறார். மனுவும் இந்தக் கதையைச் சுட்டி, ஆபத்துக் காலத்தில் உண்டதால் அவருக்குத் தீட்டு இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்.

இந்தக் கதையை நாங்கள் பயிற்சி முகாம்களில் பலமுறை சொல்லியிருக்கிறோம். கேட்கும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அறத்தைப் பற்றிப் பேசியவர் யார்? சண்டாளர். நாயைத் தின்றவர் யார்? முனிவர். பெயர் யாருக்கு நிலைத்தது? ஒருநாள் பசிக்குத் தின்றவருக்கு அது ‘ஆபத்துக் காலம்’. வாழ்நாள் முழுவதும் ஆபத்துக் காலத்திலேயே வைக்கப்பட்ட மக்களுக்கு அது ‘பிறவி’.

தமிழுக்கு வருவோம். நம் பழைய இலக்கியத்தில் இந்த அருவருப்பு இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு வருகிறது. வழியில் வரும் பாணனுக்கு, நாய் பிடித்துத் தந்த உடும்பின் கறியைச் சோற்றோடு வைத்து விருந்து செய்கிறார்கள். இரக்கக் குறிப்போ ஏளனமோ இல்லை, இவர்கள் வீட்டுக்குப் போனால் இது கிடைக்கும் என்று வழிசொல்லும் வரிகள். அந்தப் பாட்டின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். இந்த மலைவாழ் மக்களின் வாய்மொழிக் கதையும் தங்கள் முன்னோர்களான அண்ணன் தம்பிகள் காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாகத்தான் சொல்கிறது. அதை வரலாற்றுச் சான்றாக நாங்கள் வைக்கவில்லை. வேட்டை நாயும் உடும்புக் கறியும் ஒரு காலத்தில் விருந்தோம்பலின் பகுதியாக இருந்தன என்பது மட்டும் போதும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியை வருணிக்கும்போதும் நாய் வருகிறது. எப்படி வருகிறது? கையில் இரும்புக் காப்பு அணிந்த கருஞ்சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டிகளின் மெல்லிய குரைப்பு, இடுப்பில் கட்டிய இரும்பு மணியின் ஓசையில் அடங்கிப் போகிறது. சேக்கிழார் சாதியத்துக்கு வெளியே நின்று எழுதியவர் அல்ல. நந்தன் தீயில் இறங்கியே தில்லைக்குள் போக வேண்டியிருந்த கதையைச் சொன்னவர் அவர்தான். இருந்தாலும் சேரியைப் பார்த்த கண்ணில், நாய் பிள்ளைகளின் விளையாட்டுத் தோழனாகத்தான் தெரிந்திருக்கிறது. ‘நாய்ச்சமையல்காரன்’ என்ற சொல் புத்தகத்தில் இருந்தது, நாய்க்குட்டி சேரியில் இருந்தது.

பிறகு நாயையும் நம்மையும் ஒரே சொல்லில் கட்டினார்கள். ஆங்கிலேயர் தெருநாய்க்குப் ‘பறையா நாய்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு தமிழ்ச் சாதியின் பெயர் கப்பலேறி, உலகத்தின் அகராதிகளில் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளோடு உட்கார்ந்துவிட்டது. சமூகவியல் வகுப்பில் மாக்ஸ் வேபரின் ‘பறையா மக்கள்’ என்ற கருத்தாக்கத்தை யூதர்களைப் பற்றிய பாடமாகப் படித்தபோது, அந்தச் சொல் எங்கள் தெருவிலிருந்து போனது என்று ஆசிரியர் சொல்லவில்லை, புத்தகத்திலும் அடிக்குறிப்பு இல்லை. இன்னொரு பக்கம், தென் மாவட்டங்களில் சில ஊர்களில் தலித் மக்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததை நாளேடுகள் எழுதியிருக்கின்றன. சேரி ஆண் நாய் ஊர்ப் பெண் நாயோடு கூடிவிடுமாம். மனு நாயை நம் சொத்தாக எழுதிவைத்தார், ஊர்க்காரர்கள் அதிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கொல்லப்படும்போது திரையரங்கில் நம் மக்கள் ஏன் அப்படி அழுதார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி ஆசியாவுக்குப் போவோம். அங்கே உண்மையாகவே நாய்க்கறி உண்ட, உண்ணும் சமூகங்கள் இருக்கின்றன. சீனாவில் ஹான் அரசை நிறுவியவரின் நெருங்கிய தளபதி ஃபான் குவாய் முன்னாளில் நாய்க்கறி விற்ற கசாப்புக்காரர். அவர் பிரபு ஆனார், தொழிலைச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. ஜப்பானில் கதை வேறு. கி.பி. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் வேளாண் மாதங்களில் உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார். புத்த சமயத்தின் கொல்லாமை அதற்குப் பின்னால் இருந்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கறியை விலக்கிய சமூகத்துக்குத் தோலும் செருப்பும் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தன. செத்த விலங்கைத் தொட்டு அந்த வேலையைச் செய்தவர்களைத் தீட்டு என்று ஒதுக்கிவைத்தார்கள். 1871இல் சட்டப்படி அந்த ஒதுக்கல் நீக்கப்பட்டது. புராக்குமின் என்று அழைக்கப்படும் அந்த மக்களின் வாரிசுகள் இன்றும் திருமணத்திலும் வேலையிலும் பாகுபாட்டைச் சந்திக்கிறார்கள். கொல்லாமை பேசியவர்கள் கொலையின் பயனை விடவில்லை, கொன்றவனை மட்டும் விட்டுவிட்டார்கள். இது நமக்குப் பழக்கமான கதை.

1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. அமெரிக்கா புதிதாகப் பிடித்த பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கப்பலில் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். அவர்களில் இகரோட் என்னும் மலைவாழ் மக்களும் இருந்தார்கள். அவர்கள் சடங்கு நாட்களில் நாயைப் பலியிட்டு உண்பவர்கள். கண்காட்சி நடத்தியவர்களோ கூட்டம் சேர்வதற்காக அதை அன்றாட வேடிக்கை ஆக்கினார்கள். நாய்களை ஏற்பாடு செய்து கொடுத்து, சமைக்க வைத்து, சீட்டு விற்றார்கள். இவர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தகுதியற்றவர்கள், நாம்தான் ஆள வேண்டும் என்ற முடிவுக்கு வேடிக்கை பார்த்தவர் வந்து சேர்ந்தார். சடங்கு அரசியல் ஆனது இப்படித்தான். வேடிக்கை பார்த்த அந்த ‘நாகரிக’ உலகத்தில், 1870-71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது நாயும் பூனையும் எலியும் கடையில் விலை போட்டு விற்கப்பட்டன. ஜெர்மனியில் நாயை இறைச்சிக்காக அறுக்கச் சட்டத் தடை வந்தது 1986இல்தான். அவர்களை ஒருவரும் கூண்டில் வைத்துப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் இகரோட் மக்களின் இடத்தில் இருப்பவர்கள் வடகிழக்கின் பழங்குடியினர். தில்லியிலும் பெங்களூரிலும் படிக்கப்போகும் நாகா பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2007இல் தில்லிக் காவல்துறை அவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்குனி போன்ற மணம் வீசும் உணவுகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாமல் சமைக்கும்படி அதில் புத்தி சொல்லப்பட்டிருந்தது. அக்குனி என்பது புளிக்கவைத்த சோயா. நாயும் இல்லை, மாடும் இல்லை, ஒரு பயறு! அதற்கும் காவல்துறை வந்தது.

2020 ஜூலையில் நாகாலாந்து அரசு நாய்ச் சந்தையையும் நாய்க்கறி விற்பனையையும் தடை செய்தது. சாக்கில் கட்டி, வாயைத் தைத்தாற்போல் இறுக்கி, நாய்களைச் சந்தையில் அடுக்கிவைத்திருந்த படங்கள் நாடெங்கும் பரவிய சமயம் அது. கோஹிமாவில் உரிமம் பெற்று விற்ற வணிகர்கள் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2023 ஜூனில் குவகாத்தி உயர்நீதிமன்றத்தின் கோஹிமா அமர்வு அரசாணையை ரத்து செய்தது. தலைமைச் செயலருக்கு இப்படி ஓர் ஆணை போட அதிகாரமில்லை என்றது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் உள்ள விலங்குப் பட்டியலில் நாய் இல்லாததில் வியப்பில்லை, நாட்டின் பிற பகுதிகளுக்கு அது அந்நியமான பழக்கம், ஆனால் நாகர்களிடையே அது ஏற்கப்பட்ட உணவு என்றும் சொன்னது. பட்டியல் எழுதியவரின் தட்டில் எது இருந்ததோ அதுதான் பட்டியலில் ஏறியது. இதைப் புரிந்துகொள்ள நாம் கோஹிமா வரை போக வேண்டாம். 2022 மே மாதத்தில் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. ஆம்பூரில், பிரியாணித் திருவிழாவில்!

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் சாக்கில் கட்டப்பட்ட நாயின் வலி? அதை நாங்கள் தள்ளிவிடவில்லை. நாயைச் சாக்கில் திணித்து நூற்றுக்கணக்கான மைல் கொண்டுபோவது கொடுமைதான். வளர்ப்பு நாய்களைத் திருடி விற்பது திருட்டுதான். அந்தக் கொடுமையை எதிர்க்கும் நாகர்களும் நாகாலாந்திலேயே இருக்கிறார்கள். ஆனால் கேரளத்துக்கு லாரியில் போகும் மாடுகளின் வலியையும், கூண்டில் நசுங்கிவரும் பிராய்லர் கோழியின் வலியையும் பேசாமல், ஒரு பழங்குடியின் சந்தையை மட்டும் படம் எடுத்துக் காட்டுவதை விலங்கு நேசம் என்று ஏற்க முடியவில்லை. இந்த மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று அங்கே நுழைந்த அதிகாரப் படை பெண்களைச் சிதைத்தது, வீடுகளை நொறுக்கியது, மக்களின் ஆடு கோழிகளை அடித்துத் தின்றது, கிணறுகளைக் கெடுத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஆட்டுக்கறியைத் தின்றவர்களுக்கு எந்த நூலும் தனிப்பெயர் சூட்டவில்லை.

உணவை மாற்றக் கூடாது என்பதும் எங்கள் நிலை அல்ல. 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மாநாட்டில் பாபாசாகேப் செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்றுதான் மக்களைக் கேட்டார். அது மாட்டை வணங்கச் சொன்ன பேச்சு அல்ல. செத்த மாட்டை இழுப்பது, அதற்குக் கூலியாகக் கறியை எடுத்துக்கொள்வது என்ற அடிமை ஏற்பாட்டை உடைக்கச் சொன்ன பேச்சு. பின்னர் 1948இல் ‘தீண்டப்படாதோர்’ நூலில், மாட்டுக்கறி உண்பது எப்படித் தீண்டாமையின் வேராக ஆக்கப்பட்டது என்று ஆராய்ந்தார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான சுற்றறிக்கை, யார் முழு இந்து அல்ல என்று பிரிப்பதற்கு வைத்த கேள்விகளில் மாட்டுக்கறி உண்பதும் ஒன்றாக இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். ஒரே மனிதர், தம் மக்களிடம் விடச் சொன்னார். பிறர் அதை வைத்து அவர்களை அளந்தபோது அளவுகோலையே கேள்வி கேட்டார். இரண்டிலும் முரண் இல்லை. மகாடில் முடிவெடுத்தவர்கள் தின்றவர்களே.

தென்கொரியாவையும் இப்படித்தான் பார்க்கிறோம். 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது வெளிநாட்டார் முகம் சுளிப்பார்கள் என்று நாய்க்கறிச் சூப்புக் கடைகளைப் பெருந்தெருக்களிலிருந்து சந்துகளுக்குத் தள்ளினார்கள். கடைகள் மறைந்தன, வழக்கம் மறையவில்லை. வெளியார் திட்டத் திட்ட அதைத் தம் அடையாளமாகப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. அதன் பிறகு ஒரு தலைமுறை வீட்டுக்குள் நாயோடு வளர்ந்தது. உண்பவர்கள் குறைந்தார்கள். 2024 ஜனவரி 9 அன்று அவர்கள் நாடாளுமன்றமே, எதிர்த்து ஒரு வாக்கும் விழாமல், வளர்ப்பையும் அறுப்பையும் விற்பனையையும் முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தை நிறைவேற்றியது. உண்பது குற்றமில்லை. பண்ணைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மாற்றுத் தொழிலுக்கான உதவியும், 2027 பிப்ரவரி வரை மூன்றாண்டு அவகாசமும் தரப்பட்டன. உதவி போதாது என்று பண்ணைக்காரர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், அந்தச் சண்டையும் அவர்களுக்குள் நடக்கிறது. கோஹிமாச் சந்தையில் வாழை இலை விரித்துக் கறி விற்ற பெண்களிடம் இப்படி ஒரு பேச்சுவார்த்தை நடக்கவில்லை. அவர்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஆணை, பிறகு ஒரு வழக்கு எண்.